காத்துக்காரர்

யாராவது வயிறு குலுங்கச் சிரித்தால் அவருக்கு ஆகாது. கோபம் வராது. பயம் வரும். கிட்டே வந்து கையைப் பிடிப்பார்.

"நகத்தக் காட்டு."

காட்ட வேண்டும். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நகம் சிவப்பாக இருந்தால் விடுவார். "சரி, சிரி" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு யாருக்குச் சிரிப்பு வரும்?

ரெட்டியார்சத்திரம் போகிற ரோட்டில் எனக்கு வெல்டிங் பட்டறை. கேட், கிரில், மாட்டுக் கொட்டகைக்கு இரும்புச் சட்டம். இதுதான் என் வேலை. அவர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் பக்கம் வீடு கட்டியவர். விமானம் ஓட்டியவர் இல்லை. ஓட்டுகிறவர்களுக்கு ஆக்சிஜன் பார்த்தவர். முகமூடி, குழாய், சிலிண்டர் எல்லாம் அவர் கையில்தான் போகும், வரும்.

வீட்டுக்கு கேட் செய்யச் சொல்லி முதல் தடவை வந்தார். நான் கிரீஸ் கையோடு ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கப் போனேன். பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார்.

"எண்ணெய்க் கையோட ஆக்சிஜனத் தொடுவியா? தீப்பிடிச்சுச்சுன்னா ஒன் பட்டறைக் கூரை மலைக்கோட்டை மேல போயி விழும்."

சோப்பு போட்டுக் கழுவினேன். மறுபடி கழுவச் சொன்னார். கழுவினேன். அவர் வாங்க வந்தது கேட். வந்த வேலையை மறந்துவிட்டு என் குழாயையெல்லாம் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் நுரை வந்தது. அவருக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் சிரிக்கவில்லை.

கேட் முடிந்த பிறகும் தினமும் வந்தார். ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்காருவார். நான் அதிகம் பேசமாட்டேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் பட்டறைக்குள் புகை கொஞ்சம் கூடிவிட்டது. எதையோ நினைத்து நான் சிரித்தேன். பார்த்துவிட்டார்.

"நூறுல ஏழு போனா?"

"தொண்ணூத்தி மூணு சார்."

"அதுல ஏழு போனா?"

யோசித்தேன். "எம்பது..."

"எம்பது?"

"எம்பதுக்கு மேல என்னமோ சார்."

அவ்வளவுதான். என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். புளியமரத்தடியில் உட்காரவைத்தார். துண்டால் விசிறினார். செத்த நேரம் போனது.

"இப்பச் சொல்லு."

"இப்பவும் தெரியல சார். நான் அஞ்சாங்கிளாஸ்."

துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

அதற்குப் பிறகு எனக்கு மட்டும் வேறு கணக்கு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிழமையைத் தலைகீழாகச் சொன்னால் போதும். அதில் நான் ஒருநாளும் தவறியதில்லை.

இந்தப் பயம் அவருக்கு எங்கே பிடித்தது என்று கேட்டேன். அவர் சொன்னது இது.

விமானம் உயரப் போகப் போகக் காற்று மெலிந்துவிடும். முகமூடி கழன்றாலோ, குழாய் ஒழுகினாலோ ஓட்டுகிறவருக்கு மூச்சு முட்டாது. முட்டினால் நல்லது, தெரிந்துகொள்வார். முட்டாமலே மூளை மங்கும், நகமும் உதடும் நீலம் பாயும். அதைப் பழக்கிக் காட்டுவதற்கு ஒரு இரும்பு அறை உண்டு. பைலட்டுகளை உள்ளே உட்காரவைத்துக் கதவை அடைத்துக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். மலை உச்சிக்கும் மேலே போன மாதிரி ஆகிவிடும். அப்போது முகமூடியைக் கழற்றச் சொல்வார்கள். இவர் முகமூடி போட்டபடி கூடவே உட்கார்ந்திருப்பார்.

"என்ன ஆகும் சார்?"

"ஆளுக்கு ஒண்ணு ஆகும். ஒருத்தனுக்கு விரல் நுனி குறுகுறுங்கும். ஒருத்தன் எரிஞ்சு விழுவான். ஒருத்தன் பாட ஆரம்பிச்சிருவான். முக்காவாசிப் பேருக்குச் சிரிப்புதான். தனக்கு என்ன ஆகும்னு அவனவன் தெரிஞ்சு வச்சுக்கணும். அதுக்குத்தான் அந்த ரூமு."

ஒரு பைலட் நல்ல படிப்பாளியாம். தாளைக் கொடுத்துப் பேரை எழுதச் சொன்னார்கள். எழுதினார். எழுத எழுத எழுத்து பெருத்துக்கொண்டே போய்த் தாளைத் தாண்டித் தொடையில் எழுதினாராம். முகமூடி மடியில் கிடக்கிறது. போடுங்கள் என்று இவர் சொல்கிறார். அவர் சிரிக்கிறார். 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்கிறார். கடைசியில் இவரே எடுத்து மூஞ்சியில் அமுக்கினார். ரெண்டு மூச்சில் தெளிந்துவிட்டார். "எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நகம் காட்ட வேண்டியிருக்கும்.

"'நான் நல்லாத்தான் இருக்கேன்' இருக்கு பாரு, ஒலகத்துலயே பயங்கரமான வார்த்தை அதுதான்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு பைலட் தனியாக மேலே பறந்துகொண்டிருந்தார். ரேடியோவில் திடீரென்று தமாஷ் பேச ஆரம்பித்தார். கீழே கேட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரிந்துவிட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. பேரைச் சொல்லி 'கீழ வா' என்றார். மறுபடி பேரைச் சொல்லி 'கீழ வா'. அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த பைலட் கேலி பண்ணிக்கொண்டே இறங்கினார். காற்று கனத்த பிறகுதான் அவருக்கு உயிர் பயமே வந்ததாம்.

"மங்கிப் போனவன்கிட்ட வெளக்கம் சொல்லக்கூடாது. பேரச் சொல்லி ஒரே ஒரு வேலை சொல்லணும். ரெண்டாவது வேலை சொன்னா மொதல் வேலையும் போச்சு."

அவர் வீட்டம்மா ஒருநாள் டீ கொண்டுவந்தபோது என்னிடம் சொன்னார். "கல்யாணம் ஆன புதுசுல நான் சிரிச்சாலே கையப் புடிச்சுப் பாப்பாரு தம்பி. மோதரம் எடுக்க அளவு பாக்குறாருன்னு நெனச்சேன். இம்புட்டு வருசம் ஆச்சு. இன்னும் அளவுதான் பாக்குறாரு."

அகரத்தில் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஏ.சி. மண்டபம். என்னையும் கூட்டிப் போனார். மாப்பிள்ளை நண்பர்களோடு சிரித்துக்கொண்டே இருந்தார். இவர் மொய்க் கவரோடு மேடையேறினார். கவரைக் கொடுக்கவில்லை. கையைப் பிடித்தார்.

"மருதாணி போட்டிருக்கீங்க. நகம் தெரியல. ஒதட்டக் காட்டுங்க மாப்ள."

"எதுக்கு மாமா?"

"ரொம்பச் சிரிக்கிறீங்க."

"நான் நல்லாத்தான் இருக்கேன் மாமா."

கெட்டது காரியம். மேடையை விட்டு இறங்கி ஒவ்வொரு கதவாகத் திறந்தார். ஜன்னலையும் விடவில்லை. பந்தியில் பாயசத்துக்கு ஈ வந்துவிட்டது. மண்டபத்து மேனேஜர் ஓடி வந்தார். சமையல்காரர் கரண்டியோடு வந்தார். அப்போது பொண்ணு மேடையிலிருந்து சொன்னது:

"தொறந்தே கெடக்கட்டும் விடுங்க. எனக்கு அப்பயிருந்தே மூச்சு முட்டுது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஒரு மாதம் வைத்திருந்தார்.

எங்கள் டீக்கடைக்காரர்தான் அவருக்குப் பேர் வைத்தது. முதலில் 'ஆக்சிஜன்காரர்'. அது நீளமாக இருந்தது. பிறகு 'காத்துக்காரர்'. எங்கள் பக்கம் காத்து என்றால் இரண்டு. ஒன்று மூச்சு விடுகிற காத்து. இன்னொன்று காத்து கருப்பு. பேய் என்று வாயால் சொல்லக் கூசுகிறவர்கள் காத்து என்பார்கள். 'அவளுக்குக் காத்து அடிச்சிருச்சு' என்றால் பேய் பிடித்துவிட்டது என்று அர்த்தம். டீக்கடைக்காரருக்கு அது தெரியும். அதனால்தான் வைத்தார். இவருக்கு அது உறைக்கவில்லை. வெளியூரிலேயே காலம் தள்ளியவர். 'சரியான பேருதான்' என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குட்டியானை வண்டி ரோட்டில் வேகமாக வந்து பட்டறை முன்னால் நின்றது. ஒரு அம்மா குதித்து இறங்கினார். பின்னால் கோணிமேல் அவருடைய மூத்த மகன் படுத்திருந்தான். முழித்திருந்தான், ஆனால் பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர்களை டீக்கடையில் யாரோ நிறுத்தி இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

"காத்துக்காரரு யாரு?"

"நான்தான்" என்றார் இவர்.

அந்தம்மா காலில் விழப் போனார். "சாமி, மூத்தவனுக்குக் காத்து அடிச்சிருச்சு."

"எங்க?"

"கெணத்துக்குள்ள சாமி. பழைய மோட்டார எடுக்க எறங்குனான். கெக்கெக்கேன்னு சிரிச்சான். தள்ளாடிக்கிட்டே மேல வந்து விழுந்துட்டான்."

இவர் வண்டியில் ஏறி அவன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கெணத்துக்குள்ள காத்து இல்லையா?"

"இருக்கு சாமி. அதான் அடிச்சிருச்சு."

"இருந்தா ஏம்மா அடிக்குது? இல்லாததுனாலதான் அடிச்சிருக்கு."

"இல்ல சாமி, இருக்கறதுனாலதான் அடிச்சிருக்கு."

"மூடி வச்சிருந்த கெணறா?"

"ஆமா சாமி. தகரம் போட்டு மூடிக் கெடந்துச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?" அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"நகம் தெளிஞ்சிருச்சு. இவன் பொழச்சுக்குவான். இப்பக் கெணத்துல யாரு?"

"சின்னவன் பாண்டி. அண்ணன் விட்ட மோட்டார எடுத்தே தீருவேன்னு..."

இவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. "வண்டியத் திருப்பு!" என்று கத்தினார். கனமான கயிறு ஒன்று பட்டறையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன். தீயணைப்புக்குப் போன் போட்டேன். வருவதாகச் சொன்னார்கள். தோட்டம் பக்கம்தான், பாசன வாய்க்கால் தாண்டி. போகும்போதே அந்தம்மா தன் தம்பிக்குப் போன் போட்டார். கிணற்றடியில் கயிறு பிடித்துக்கொண்டிருப்பவர் அவர். ஸ்பீக்கரில் போட்டார்.

"அவன இழுடா மேல!"

"எங்கக்கா இழுக்க? இடுப்புல அறுக்குதுன்னு கயித்த அவுத்துட்டான். உள்ள ஒக்காந்து பாடிக்கிட்டு இருக்கான்."



நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கத் தயாராக நின்றார். இவர் வேட்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

"விடுங்க சாமி, பிள்ளை உள்ள இருக்கான்."

"நீ எறங்குனா ரெண்டு பிள்ளையாயிரும். தள்ளு."

ஊர் கூடிவிட்டது. இவர் குப்புறப் படுத்துக் கிணற்றுக்குள் தலையை நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். அடியில் சேறும் சருகும். பாண்டி மோட்டார் மேல் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்துக் கையாட்டினான்.

"ஒம் பேரென்ன?" என்று கத்தினார்.

பின்னால் ஒரு கிழவர் சொன்னார். "பேரக் கேக்குறாரு. வெவரமான ஆளுதான்."

கீழேயிருந்து சிரிப்பு வந்தது. "சுப்பையா!"

கூட்டம் அப்படியே பின்வாங்கியது. அது அந்தக் கிணற்றை வெட்டிய, செத்துப்போன அவன் தாத்தா பேராம். அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இவருக்கும் முகம் வெளுத்தது. சொந்தப் பேரே மறந்தவனுக்கு நேரம் அதிகமில்லை என்று அவருக்குத் தெரியும்.

"வேப்பங்கொழை வெட்டுங்க! பெரிய கட்டா!"

சொல்லி வாய் மூடவில்லை, நாலு பேர் மரத்தில் ஏறிவிட்டார்கள். பேயோட்ட வேப்பிலை கேட்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். பாண்டி அவிழ்த்துவிட்ட கயிற்றில் கொழைக் கட்டைக் கட்டி உள்ளே இறக்கி, ஏற்றி, இறக்கி, ஏற்றி, இளவட்டங்களை வேகமாக ஆட்டச் சொன்னார். மேலே இருக்கிற நல்ல காற்று உள்ளே போவதற்கு.

"தண்ணி ஊத்துங்க! ஓரமா, மழை மாதிரி! காத்தும் கூட எறங்கட்டும்!"

பெண்கள் குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் தண்ணீர்.

"மஞ்சளா இருந்தா என்ன, ஊத்துங்க!"

நான் என் கயிற்றின் நுனியில் வளையம் போட்டேன். இறுகாத முடிச்சு. உள்ளே விட்டோம். பாண்டியின் மூஞ்சிக்கு நேராகத் தொங்கியது.

"பாண்டி! வளையத்த மாட்டு!"

பாண்டி எடுத்தான். மோட்டாருக்கு மாட்டினான். "இவன மொதல்ல தூக்குங்க. பாவம், சளி புடிச்சிருக்கு" என்றான்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"பாண்டி! அத எடு! நீ மாட்டு!"

"நான் நல்லாத்தான் சார் இருக்கேன். நீங்க போங்க."

இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தம்மாவைக் கையைப் பிடித்து விளிம்புக்குக் கூட்டி வந்தார்.

"வீட்ல இவன எப்படிக் கூப்பிடுவீங்க?"

"தொரைன்னு, சாமி."

"சின்னப் பிள்ளையில சட்டை போட்டுவிட்டீங்களா?"

"நான் போடாம யாரு போடுவா?"

"அதே மாதிரி சொல்லுங்க. நான் சொன்னா கேக்கமாட்டான். அழுகக் கூடாது. அதட்டுங்க."

அந்தம்மா மூக்கைத் துடைத்தார். விளிம்பில் முட்டி போட்டார். பிறகு வந்த குரலில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது.

"ஏலே தொரை!"

கீழே சிரிப்பு நின்றது. "என்னம்மா?"

நான் மேலிருந்தே கயிற்றைச் சுண்டி, வளையத்தை மோட்டாரிலிருந்து எடுத்து அவன் தலைக்கு மேல் பிடித்தேன்.

"கையத் தூக்குடா!"

இரண்டு கையும் மேலே போனது. முப்பது வயது ஆள். சின்னப் பிள்ளை மாதிரி தூக்கினான்.

"சட்டையப் போடு!"

வளையத்தை மெல்ல இறக்கினேன். தலையை விட்டான். கையை விட்டான். அக்குளுக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

"இழு!" என்றார் இவர்.

எத்தனை பேர் இழுத்தோம் தெரியாது. பாதியில் பாண்டியின் தலை தொங்கிவிட்டது. வளையம் தாங்கியது. விளிம்பில் தாய்மாமன் அவனை வாரித் தூக்கினார். மரத்தடியில் போட்டோம். இவர் கூட்டத்தை விரட்டினார். மோவாயை நிமிர்த்தினார். காதை வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் மூச்சு விடவில்லை. அவன் விட்டான். பிறகு இருமினான். கண்ணைத் திறந்தான்.

"மோட்டார் வந்துருச்சா?" என்றான்.

அந்தம்மா ஒரு அறை விட்டார். பிறகு கட்டிக்கொண்டார். ஊரே கத்தியது. தாய்மாமன் இவரைத் தூக்கிவிட்டார், தரையில் கால் படாமல். "எறக்குய்யா, எறக்குய்யா" என்று இவர் கத்தினார். தீயணைப்பு வண்டி வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த வாரமே அந்தம்மா பட்டறைக்கு வந்தார். ஒரு சேவல், எலுமிச்சை மாலை, தேங்காய். மாலையை இவர் கழுத்தில் போட்டுவிட்டார். இவர் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார். பொறுமையாக விளக்கினார். மக்கிய சருகு உள்ளே இருந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. தகரம் புதுக்காற்றை விடவில்லை. உயரத்தில் பறக்கிற பைலட்டுகளுக்கும் இதே கதிதான். இதே சிரிப்புதான்.

அந்தம்மா எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்ப ஏரோப்ளேன் ஓட்டுறவுகளுக்கும் இதே காத்துதான் அடிக்கும்?"

"அடிக்காதும்மா. காத்து இருக்காது. இல்லாமப் போயிரும்."

"மேலயும் இருக்காது, கெணத்துலயும் இருக்காது."

"ஆமா."

"ஆனா ஆள அடிச்சிரும்."

"அடிச்சிரும்தான்."

"அப்ப இது வேற காத்து சாமி" என்றார் அந்தம்மா. "இல்லாத காத்து."

நான் சிலிண்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காற்று இல்லாமல் மங்குவதற்குப் பட்டாளத்தில் நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர் உண்டு. பலதடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். என் வாயில் நுழைந்ததே இல்லை.

"இல்லாத காத்து" என்று இவர் ஒருதடவை சொல்லிப் பார்த்தார். "சரிதாம்மா. அதேதான்."

சேவலை அவர் வீட்டம்மா குழம்பு வைத்தார். எனக்கும் வந்தது.

இப்போது அவர் மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். போனில் பேசினால் கிழமையைக் கேட்கிறார், சொல்கிறேன். போன மாதம் பாண்டி ஊரில் ஒரு கிணற்றுக்குக் கம்பி மூடி மாட்டப் போயிருந்தேன். தூர் வார ஆள் இறங்கப் போனான். முதல்நாளே மூடியைத் திறந்து போட்டிருந்தார்கள். வேப்பங்கொழையை இறக்கி ஏற்றினார்கள். இடுப்புக் கயிற்றை மூன்று பேர் பிடித்தார்கள். அப்படியும் அவனை இறங்க விடவில்லை.

"என்ன தாமசம்?" என்று கேட்டேன்.

"அவங்க ஆத்தா இன்னும் வரலண்ணே" என்றார்கள். "இல்லாத காத்து அடிச்சா யாரு அதட்டுறது?"

அந்த ஆத்தா வெற்றிலையை மென்றுகொண்டு ஆற அமர வந்து விளிம்பில் உட்கார்ந்தது. மகனைப் பார்த்தது.

"ம், எறங்கு" என்றது.

இறங்கினான்.